மூலையில் கிடந்த புத்தகத்தைத் தூக்கி நிறுத்திய கம்ப்யூட்டர்!
57 ஆயிரம் புத்தகங்களைக் கண்ணில் படாமல் செய்ததும் அதுதான்!!

எழுத்தாளர் எழுதிவிட்டார். அச்சாபீசில் அச்சடித்தும் விட்டார்கள். ஆனால், அந்தப் புத்தகம் யார் கண்ணில் பட வேண்டும் என்று முடிவு செய்வது யார்?

இன்று பெரும்பாலும் ஒரு கம்ப்யூட்டர்!

அதனால் வாழ்ந்த புத்தகமும் உண்டு. காணாமல் போன புத்தகங்களும் உண்டு.

கயிற்றை அறுத்தார்

இங்கிலாந்து நாட்டு மலையேறும் வீரர் ஜோ சிம்ப்சன். 1985-ம் ஆண்டு நண்பர் சைமன் யேட்சுடன் பெரு நாட்டில் உள்ள சியுலா கிராண்டே என்ற சிகரத்தில் ஏறினார். இறங்கும்போது சிம்ப்சனின் கால் முறிந்தது.

அவரைக் கயிற்றில் கட்டி இறக்கினார், யேட்ஸ். ஒரு கட்டத்தில் தானும் சேர்ந்து விழுந்துவிடும் நிலை. வேறு வழி இல்லை. கயிற்றை அறுத்துவிட்டார்!

பனிப் பிளவுக்குள் விழுந்த சிம்ப்சன் சாகவில்லை. முறிந்த காலோடு தவழ்ந்து தவழ்ந்தே கூடாரம் வந்து சேர்ந்தார்.

இந்த அனுபவத்தை 1988-ல் "டச்சிங் தி வாய்டு" என்ற புத்தகமாக எழுதினார். படித்தவர்கள் பாராட்டினார்கள். ஆனால் அமெரிக்காவில் பெரிதாகப் போணி ஆகவில்லை. மறந்தே போனார்கள்.

வெற்றிலை-பாக்கு

1997-ல் ஜான் கிராக்கவர் எழுதிய "இன்டு தின் ஏர்" வெளிவந்தது. முந்தைய ஆண்டு எவரெஸ்டில் நடந்த கோர விபத்து பற்றிய இந்தப் புத்தகம் சக்கைபோடு போட்டது.

அதை வாங்கியவர்களுக்கு அமேசான் கம்பெனியின் கம்ப்யூட்டர், "இதையும் பாருங்கள்" என்று சிம்ப்சனின் பழைய புத்தகத்தைக் காட்டியது. வாங்கினார்கள், படித்தார்கள், பிறருக்கும் சொன்னார்கள். புதுப் பதிப்பு வந்தது. "நியூயார்க் டைம்ஸ்" விற்பனைப் பட்டியலில் 14 வாரம் இடம் பிடித்தது! 2003-ல் சினிமாவாகவும் வந்தது.

கம்ப்யூட்டர் அந்தப் புத்தகத்தைப் படித்துப் பார்த்ததா? இல்லை. ஒரு வரி கூடப் படிக்கவில்லை!

வெற்றிலை வாங்க வருகிறவரிடம் "பாக்கு வேண்டாமா?" என்று கடைக்காரர் கேட்பார் அல்லவா? அதே கணக்குதான். இதை வாங்கியவர்கள் வேறு எதை வாங்கினார்கள் என்று எண்ணிப் பார்ப்பதுதான் அதன் வேலை. 2003-ல் அந்தக் கம்பெனிக்கு 2 கோடியே 90 லட்சம் வாடிக்கையாளர்கள். அத்தனை பேருக்கும் ஆள் வைத்துச் சொல்ல முடியுமா?

ஆரம்பத்தில் புத்தகங்களைப் படித்து விமர்சனம் எழுத அங்கே ஆட்கள் இருந்தார்கள். கம்ப்யூட்டர் காட்டுவதுதான் அதிகம் விற்கிறது என்று தெரிந்ததும் அவர்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

திடீர் மறைவு

2009 ஏப்ரலில் எழுத்தாளர்கள் பலருக்குப் பேரதிர்ச்சி. அமேசானில் தங்கள் புத்தகத்தின் விற்பனை வரிசை எண்ணையே காணோம்! தேடினாலும் சரியாகக் கிடைக்கவில்லை. ஓரினச் சேர்க்கையாளர் பற்றிய நாவல்கள், உடல்நலப் புத்தகங்கள் பல இதில் சிக்கின.

கண்டனம் கிளம்பியது. "பட்டியல் போட்டதில் நடந்த தவறு. 57 ஆயிரத்து 310 புத்தகங்கள் பாதிக்கப்பட்டன" என்று கம்பெனி விளக்கம் கொடுத்தது. பிறகு சரி செய்தார்கள்.

புத்தகங்கள் கிடங்கில் அப்படியேதான் இருந்தன. பட்டியலில் இல்லை, அவ்வளவுதான். பட்டியலில் இல்லை என்றால் கடையிலேயே இல்லாத மாதிரி!

புது எழுத்தாளர்?

விற்றதைக் காட்டுகிறார்கள்; காட்டியதே மறுபடி விற்கிறது. இன்னும் ஒருவர் கூட வாங்காத புது எழுத்தாளர் எங்கே போவார்? காசு கொடுத்து விளம்பரமாக இடம் பிடிக்கலாம். காசு இல்லாதவர் பாடு திண்டாட்டம்தான்.

வாசகருக்கும் நஷ்டம் உண்டு. மலையேற்றக் கதை வாங்கியவருக்கு மேலும் மேலும் மலையேற்றக் கதைதான் வரும். கவிதையோ, சரித்திரமோ கண்ணிலேயே படாது.

பழைய புத்தகத்துக்கு மறுவாழ்வு கொடுத்த இந்த ஏற்பாட்டைக் குறை சொல்லித் தள்ள முடியாது. ஆனால் அது எண்ணிப் பார்த்துச் சொல்கிறது. படித்துப் பார்த்துச் சொல்லவில்லை. படித்துப் பார்த்த ஒருவர், "இதைப் படிங்க சார், நல்லா இருக்கு" என்று சொன்னால் அதையும் கொஞ்சம் காதில் போட்டுக்கொள்வது நல்லது!