அரிசி முறுக்குக்குள் கோதுமை எப்படி வந்தது?

அரிசி மாவு, உளுத்தம் மாவு, எண்ணெய், எள், உப்பு, பெருங்காயம். கடையில் தொங்கும் முறுக்குப் பொட்டலத்தின் பின்புறம் பெரும்பாலும் இவ்வளவுதான் இருக்கும். கோதுமை என்ற பேச்சே இல்லை. ‘குளூட்டன் கூடவே கூடாது’ என்று மருத்துவர் சொல்லி அனுப்பியவர் இதைப் படித்துவிட்டு நிம்மதியாக வாங்கிப் போகிறார். அந்த நிம்மதிக்கு இந்தப் பட்டியல் மட்டும் போதாது. ஒரு நொறுக்குத்தீனியில் குளூட்டன் இருக்கிறதா இல்லையா என்பதை அதில் முக்கால் பங்கு இருக்கும் மாவைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. சிட்டிகைக் கணக்கில் சேரும் பொருளையும், பண்டம் பொரிந்த எண்ணெயையும், மாவு அரைபட்ட மில்லையும் பார்த்தாக வேண்டும். பொட்டலத்தில் எழுதியிருப்பதைப் பெரும்பாலும் நம்பலாம். எழுதாமல் விட்டதை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் புரதம். பரோட்டா மாவை வீசி இழுத்தாலும் அறுந்துபோகாமல் விரிவது அதனால்தான். சீலியாக் நோய் உள்ளவர்கள் இதைச் சாப்பிட்டால், அவர்களுடைய நோய் எதிர்ப்பு மண்டலம் சிறுகுடலின் உட்சுவரையே தாக்கத் தொடங்குகிறது. சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. வயிற்றுப்போக்கில் தொடங்கி இரத்தசோகை, எலும்பு பலவீனம், குழந்தைகளின் வளர்ச்சிக் குறைவு வரை அதன் விளைவுகள் நீள்கின்றன. குளூட்டனை வாழ்நாள் முழுவதும் விலக்குவதுதான் இதற்குச் சிகிச்சை. எந்த அளவுக்கு விலக்க வேண்டும் என்பதற்கு 2007-ல் வெளியான இத்தாலிய ஆய்வு ஒன்று நல்ல ஆதாரம். ஏற்கெனவே உணவுக் கட்டுப்பாட்டில் இருந்த சீலியாக் நோயாளிகளுக்கு மூன்று மாதம் தினமும் மாத்திரைக் கூட்டில் குளூட்டன் கொடுத்துப் பார்த்தார்கள். தினம் 50 மில்லிகிராம் பெற்றவர்களின் குடல் சுவரில் சேதம் தெரிந்தது. 10 மில்லிகிராம் பெற்றவர்களிடம் அப்படிக் குறிப்பிடும்படியான மாற்றம் தெரியவில்லை. ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இல்லாவிட்டால் ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று எழுதலாம் என்பது சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் வரம்பு. அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் நம்முடைய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யும் அதே வரம்பைத்தான் வைத்திருக்கின்றன. அந்த வரம்புக்குள் இருக்கும் உணவை அரைக் கிலோ சாப்பிட்டாலும் 10 மில்லிகிராமைத் தாண்டாது. ஆனால் ஒரே ஒரு கிராம் மைதாவில் ஏறத்தாழ 80 மில்லிகிராம் குளூட்டன் இருக்கிறது.

இந்தக் கணக்கோடு பெருங்காயத்துக்கு வருவோம். ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஈரானிலிருந்தும் உஸ்பெகிஸ்தானிலிருந்தும் இறக்குமதியாகும் பெருங்காயப் பிசின் கடுமையான காரமும் நெடியும் கொண்டது. அதை அப்படியே சமையலில் போட முடியாது. அதனால் மாவும் கருவேலப் பிசினும் கலந்து, நாம் டப்பாவில் வாங்கும் கூட்டுப் பெருங்காயமாக்குகிறார்கள். பொடி, கட்டி இரண்டும் இப்படித்தான். சேர்க்கும் மாவு அரிசி மாவாக இருக்கலாம். நெடுங்காலமாகப் பலரும் சேர்ப்பது மைதாவை. ஒரு கிலோ முறுக்கு மாவுக்கு 2 கிராம் பெருங்காயப் பொடி போடுவதாகவும், அந்தப் பொடியில் பாதி மைதா என்றும் வைத்துக்கொண்டால், உள்ளே போவது ஒரு கிராம் மைதா, அதாவது 80 மில்லிகிராம் குளூட்டன். அரிசியிலும் உளுந்திலும் துளிக் குளூட்டன் கிடையாது. ஆனாலும் முறுக்கு அனுமதிக்கப்பட்ட அளவைப் போல நான்கு மடங்கில் போய் நிற்கிறது. ஒரு கைப்பிடி முறுக்கு தின்றால் நாலைந்து மில்லிகிராம்தானே, 10-க்குள் இருக்கிறதே என்று கேட்கலாம். கணக்கு சரிதான். ஆனால் அந்தப் 10 மில்லிகிராம் ஒரு நாளின் மொத்தக் கணக்கு. அதே பெருங்காயம் அன்றைய சாம்பாரிலும் ரசத்திலும் மோரிலும் ஊறுகாயிலும் இருக்கிறது. வீட்டில் செய்த முறுக்கு என்பதாலும் இந்தச் சிக்கல் தீராது. வீட்டு அஞ்சறைப்பெட்டிக்கு அருகில் இருப்பதும் அதே டப்பாதான்.

பொட்டலத்தின் பட்டியலில் இது ஏன் தெரிவதில்லை? எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 2020-ம் ஆண்டு லேபிள் விதிமுறைப்படி, பல பொருள்கள் சேர்ந்து உண்டான ஒரு கூட்டுப்பொருள் மொத்தத்தில் 5 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால், அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று பிரித்து எழுத வேண்டியதில்லை. பெருங்காயம் அந்த 5 சதவீதத்தை ஒருநாளும் எட்டப் போவதில்லை என்பதால் ‘பெருங்காயம்’ என்ற ஒரு சொல்லோடு வேலை முடிந்துவிடுகிறது. ஆனால் அதே விதிமுறை இன்னொன்றும் சொல்கிறது: குளூட்டன் உள்ள தானியங்கள், பால், முட்டை, மீன், நிலக்கடலை, சோயா போன்ற ஒவ்வாமைப் பொருள் எது சேர்ந்திருந்தாலும் ‘கன்டெய்ன்ஸ்’ என்று தொடங்கும் வரியில் அதன் பெயர் வர வேண்டும். எனவே பொட்டலத்தைத் திருப்பியதும் கண் முதலில் போக வேண்டிய இடம் பொருள்பட்டியலுக்குக் கீழே உள்ள இந்த வரிதான். ‘கன்டெய்ன்ஸ் வீட்’ (கோதுமை உள்ளது) என்று அங்கே இருந்தால், மேலே முழுக்க அரிசி மாவாகவே இருந்தாலும் அதை வாங்கக் கூடாது. விதியில் கட்டாயமாக உள்ள மொழி ஆங்கிலம் அல்லது இந்தி; தமிழில் எழுதுவது தயாரிப்பாளரின் விருப்பம். நோயாளிக்கு மிகவும் வேண்டிய அந்த வரி, பொட்டலத்தின் மடிப்புக்கு அருகில், பொடி எழுத்தில், அவருக்குத் தெரியாத மொழியில் இருப்பது சாதாரணமாக நடக்கிறது. இந்த இடத்தில் விதி நுகர்வோர் பக்கம் நிற்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

அந்த வரி சுத்தமாக இருந்தாலும் பட்டியலை விட்டுவிட முடியாது. மிக்சரில் கிடக்கும் கார்ன்ஃப்ளேக்ஸ் மக்காச்சோளத்தில் செய்ததுதான். ஆனால் சுவைக்காக அதில் பார்லி மால்ட் சேர்த்திருக்கக்கூடும். மால்ட் என்று மட்டும் எழுதியிருந்தால் அது பார்லி என்றே எடுத்துக்கொள்ளலாம். ‘மல்டிகிரெய்ன்’ என்றால் கோதுமையும் அதில் ஒன்றாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். கேழ்வரகு, கம்பு என்று முகப்பில் பெரிதாக எழுதிய சிறுதானியப் பண்டங்களிலும், மாவு சேர்ந்து வருவதற்காகக் கோதுமை மாவோ ரவையோ கலப்பதுண்டு. சிப்ஸின் மேல் தூவும் மசாலாத் தூளில் சோயா சாஸ் பொடி இருந்தால் அதற்குள் கோதுமை இருக்கக்கூடும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் அமெரிக்கப் பொட்டலத்தில் வேறொரு பொறி இருக்கிறது. அந்நாட்டு ஒவ்வாமைச் சட்டம் கோதுமையை மட்டுமே பெயர் சொல்லிக் கேட்கிறது. பார்லியும் ரையும் அதில் வராது. அங்கே ‘வீட்’ இல்லையென்றால் கோதுமை இல்லை, அவ்வளவுதான்.

அடுத்து, எந்தப் பட்டியலிலும் வராத கலப்பு. தட்டையும் சீடையும் பொரிகிற சட்டியில்தான் மைதாவில் செய்த டைமண்ட் பிஸ்கட்டும் பொரிகிறது. கொதிக்கிற எண்ணெயில் எல்லாம் செத்துப்போகும் என்பது கிருமிக்குப் பொருந்தும். குளூட்டன் உயிருள்ள பொருள் இல்லை, சூட்டில் அது மறைந்துபோவதும் இல்லை. 2021-ல் அமெரிக்காவில் வெளியான சிறிய ஆய்வொன்றில், கோதுமைப் பண்டங்களும் பொரிகிற எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கு வறுவலை 10 உணவகங்களிலிருந்து வாங்கிச் சோதித்தார்கள். வறுவலில் கோதுமை எதுவும் சேர்க்கவில்லை. ஆனாலும் 20 மாதிரிகளில் 9-ல் குளூட்டன் தென்பட்டது. 5 மாதிரிகள் 20 மில்லிகிராம் வரம்புக்கு மேலேயே இருந்தன. மாவு மில்லின் கதையும் இதுவே. 2010-ல் அதே நாட்டில், இயல்பிலேயே குளூட்டன் இல்லாத தானியங்களையும் மாவுகளையும் 22 மாதிரிகள் எடுத்துப் பார்த்தபோது 7 மாதிரிகள் வரம்பை எட்டியோ தாண்டியோ இருந்தன. சிறுதானிய மாவும் சோயா மாவும் அவற்றில் அடக்கம். அவையெல்லாம் ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று எழுதாமல் விற்றவை. நம் ஊர் மில்லில் கோதுமை அரைத்த கையோடு அரிசியைக் கொட்டும்போது என்ன நடக்கும் என்பதைச் சொல்ல ஆய்வுகூடம் தேவையில்லை. ‘மே கன்டெய்ன்’ (இருக்கக்கூடும்) என்ற எச்சரிக்கை வரி இதற்காக வந்ததுதான். ஆனால் அது நிறுவனம் தன் தொழிற்சாலையைப் பற்றிச் செய்துகொள்ளும் மதிப்பீடு. எச்சரிக்கை இருந்தால் ஒதுக்கிவிடலாம். இல்லையென்றால், கலப்பே இல்லையா, அல்லது யாரும் யோசிக்கவே இல்லையா என்பது வாங்குபவருக்குத் தெரியாது.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா, தெற்கே யாருக்கு இந்த நோய் இருக்கிறது என்பது மருத்துவர்களிடமே கேட்கக்கூடிய கேள்வி. 2016-ல் வெளியான ஆய்வில், சீலியாக் நோய் வடஇந்தியப் பெரியவர்களிடம் 1.23 சதவீதமாகவும், தென்னிந்தியாவில் 0.10 சதவீதமாகவும் இருந்தது உண்மை. அதே ஆய்வில், இந்த நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு வகைகள் இரு பகுதியிலும் பெரிதாக வேறுபடவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பெரிதாக வேறுபட்டது உணவு: வடக்கே ஒருவர் நாளொன்றுக்கு உண்ணும் கோதுமை சராசரியாக 455 கிராம், தெற்கே 25 கிராம். இரவுச் சப்பாத்தியும் பரோட்டாவும் பிஸ்கட்டும் பெருகிக்கொண்டிருக்கும் தமிழ்நாட்டில் அந்த இடைவெளி அப்படியே நிற்கும் என்று எதிர்பார்க்கக் காரணமில்லை. அந்த 0.10 சதவீதத்தையே எடுத்துக்கொண்டாலும் ஏழு கோடிப் பேர் உள்ள மாநிலத்தில் அது பல்லாயிரம் பேர். ‘ஒத்துக்கொள்ளாவிட்டால் வயிறே சொல்லிவிடும்’ என்ற வாதம் இதைவிட ஆபத்தானது. சீலியாக் உள்ள பலருக்கு வெளிப்படையான அறிகுறியே இருப்பதில்லை. குடல் சேதம் சத்தமில்லாமல் நடக்கும். எதிர்ப்பக்கத்தில் இன்னொரு மிகையும் உண்டு. நோய் எதுவும் இல்லாதவர்கள் உடல் இளைக்கும், பளபளப்பு கூடும் என்று குளூட்டனை விடுவதற்கு இந்தக் கட்டுரையில் எந்த ஆதாரமும் கிடையாது. சந்தேகம் இருப்பவர்கள் முதலில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அதற்கு முன்பே கோதுமையை நிறுத்திவிட்டால் நோய் இருந்தாலும் முடிவு இல்லையென்று வரக்கூடும்.

கண்டறியப்பட்ட நோயாளிக்கு நடைமுறையில் மிஞ்சுவது இதுதான். ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று வெளிப்படையாக எழுதிய பொட்டலத்துக்கே முதல் இடம். அந்தச் சொல்லுக்குப் பின்னால் சட்டப்படியான ஒரு அளவு இருக்கிறது, மீறினால் உணவுப் பாதுகாப்புத் துறையிடம் புகார் செய்யலாம். விலை கூடுதல் என்பது நியாயமான குறைதான். அதனால் சாதாரணப் பொட்டலத்தை வாங்க நேர்கிறவர், அதில் அச்சிட்டிருக்கும் வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்துக் கேட்க வேண்டும்: நீங்கள் போடும் பெருங்காயத்தில் என்ன மாவு, இதே சட்டியில் மைதாப் பண்டம் பொரிகிறதா? பதில் மழுப்பலாக வந்தால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம். வழக்கமாக வாங்குவதுதானே என்று பின்பக்கத்தைப் பார்க்காமல் விடவும் கூடாது. தயாரிப்பு முறை சொல்லாமல் மாறும். தயாரிப்பாளர்களிடமும் ஒன்று கேட்கலாம். அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் சந்தையில் கிடைக்கிறது. முறுக்குக்கும் தட்டைக்கும் அதற்கு மாறுவது பெரிய செலவில்லை. மாறுகிறவர்கள், ‘கோதுமை சேராத பெருங்காயம்’ என்று தமிழிலேயே ஒரு வரி பொட்டலத்தில் அச்சிடுங்கள்.