திப்புவின் புதையல்: கதையும் கணக்கும்

சென்ற ஆண்டு ஊரிலிருந்து எனக்கொரு கடிதம் வந்தது. எழுதியவர் என் சிற்றப்பாவின் மகன். திப்பு சுல்தானின் படை பின்வாங்கியபொழுது பாலக்காட்டில் புதைத்துச் சென்ற பொன் இருக்குமிடம் ஒருவருக்குத் தெரியுமாம். பூசைக்கும் தோண்டும் கூலிக்கும் ஐம்பதாயிரம் ரூபாய் அனுப்பினால் பங்கு கிடைக்குமாம். வெளி மாநிலங்களில் வாழும் நேயர்கள் பலருக்கு இத்தகைய கடிதம் புதிதாயிராது. இதனை நகைத்து ஒதுக்காமல், நான்கு வினாக்களால் சோதித்துப் பார்ப்போம். பொன் யாருடையது? ஏன் புதைத்தார்? ஏன் திரும்ப எடுக்கவில்லை? செய்தி எவ்வாறு நம்மை எட்டியது?

பாலக்காட்டுக் கோட்டையை 1766-இல் ஹைதர் அலி கட்டுவித்தார். 1783-இல் ஆங்கிலேயத் தளபதி ஃபுல்லர்ட்டன் அதனைக் கைப்பற்றினார். பின்னர் மீண்டும் மைசூர் வசமாகி, 1790-இல் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. இவ்வாறு கைமாறிய கோட்டையில் வெற்றி பெற்ற படை முதலில் தேடுவது கருவூலத்தையே அன்றோ? மேலும், 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் ஈடு செலுத்த வேண்டியிருந்தது. அதற்குப் பிணையாகத் தம் புதல்வர் இருவரையே அனுப்பினார். மக்களை மீட்கப் பணம் திரட்டிய அரசர், புதைத்த பொன் இருப்பின் அதனை மறந்திருப்பாரா? மூன்றாம் வினாவிலேயே கதை தளர்ந்துவிடுகிறது.

ஆயினும், இப்பகுதியில் புதைந்த பொன்னே இல்லை என்று கூறுதல் தவறு. மேற்குத் தொடர்ச்சி மலையில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் அகன்ற பாலக்காட்டுக் கணவாய், மேலைக் கடற்கரையையும் கொங்கு நாட்டையும் இணைத்த பண்டைய வணிகப் பெருவழி. அவ்வழியின் கீழ்ப்புறத்தில், கோவையை அடுத்த வெள்ளலூரில், 1842-இல் நூற்றுக்கணக்கான உரோம வெள்ளிக் காசுகள் கிடைத்தன. மேற்புறத்தில், திருச்சூர் மாவட்டத்து எய்யாலில், 1946-இல் 12 பொற்காசுகளும் 71 வெள்ளிக் காசுகளும் வெளிப்பட்டன. பரவூரை அடுத்த வள்ளுவள்ளியில் 1983-இல் 252 உரோமப் பொற்காசுகள் கிடைத்தன.

இவற்றை நம் வினாக்களுக்கு உட்படுத்துவோம். வங்கி இல்லாத காலத்தில் வணிகன் தன் முதலை மண்ணுக்குள் வைத்தல் இயல்பு. வழியிலோ கடலிலோ அவன் மாண்டால், இடமும் அவனோடு மறைந்தது. நான்காம் வினாவுக்கு விடை இன்னும் தெளிவு: இடம் எவருக்கும் தெரியாததனாலேயே அக்காசுகள் ஈராயிரம் ஆண்டுகள் நிலைத்தன. எல்லாரும் அறிந்த புதையல் மண்ணில் நெடுநாள் தங்குவதில்லை.

சட்டத்தையும் நினைவிற்கொள்க. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கண்டவர் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டும் என விதித்தது. கேரளம் 1968-இல் தனிச்சட்டம் இயற்றியது. பாலக்காட்டுக் கோட்டையோ தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அங்கே அனுமதியின்றி மண்வெட்டி வைப்பதும் குற்றமாகும்.

சிற்றப்பா மகனுக்கு இவற்றையெல்லாம் எழுதினேன், பணம் அனுப்பவில்லை. "இடம் அறிந்தவர் தம் கூலியை எடுத்த பொன்னிலிருந்தே பெற்றுக்கொள்ளட்டும் என்று கேட்டுப் பார்" என்றும் குறித்தேன். கேட்டாராம், அம்மனிதர் பிறகு அத்தெருப் பக்கமே வரவில்லையாம்.