ரெண்டு வாரத்துல ஆப்ஸ் வருமா?

'ரெண்டு வாரத்துல ஆப்ஸ்', '30 நாள் சேலஞ்ச்', 'ஜிம் வேண்டாம், தொப்பை போயிடும்'. யூடியூபில் ஒர்க்அவுட் என்று தேடினால் இப்படித்தான் வரிசையாக வந்து நிற்கும். நம்மில் பலர் உடற்பயிற்சியை ஆரம்பிக்கிறதும் இந்த வீடியோக்களால்தான், பாதியில விடுறதும் இதே வீடியோக்களால்தான். எப்படின்னு பார்ப்போம்.

முதலில் நல்ல பக்கம். 2020 மார்ச்சில் பிரிட்டனில் பள்ளிகள் மூடியபோது, ஜோ விக்ஸ் என்ற பயிற்சியாளர் யூடியூப் நேரலையில் காலை நேர உடற்பயிற்சி வகுப்பு தொடங்கினார். மார்ச் 24 அன்று நடந்த வகுப்புக்கு 9,55,185 பார்வையாளர்கள். அது கின்னஸ் சாதனை. ஃபீஸ் இல்லை, கருவி இல்லை. குறிப்பிட்ட நேரம், கூடவே செய்ய ஒரு ஆள், இவை போதுமானதாக இருந்தன. 'என்ன செய்யறது, எத்தனை தடவை' என்று யோசிக்கிற வேலையை வீடியோ எடுத்துக்கொள்கிறது. அதனால் ஆரம்பிப்பது சுலபமாகிறது.

சிக்கல் தலைப்பில் இருக்கு. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில் 24 பேரைப் பிரித்து, ஒரு குழுவை மட்டும் 6 வாரம், வாரத்துக்கு 5 நாள் வயிற்றுப் பயிற்சி செய்ய வைத்தார்கள். வயிற்றுத் தசையின் தாங்குதிறன் கூடியது. ஆனா தொப்பை குறையல. காரணம், தசை தன் பக்கத்தில் இருக்கிற கொழுப்பை மட்டும் எடுத்து எரிக்காது. உடம்பில் பல இடங்களிலிருந்தும் கொழுப்பு ரத்தத்தின் வழியாகத்தான் தசைக்கு வந்து சேருது.

அடுத்தது நாள் கணக்கு. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரிடம் பார்த்ததில், ஒரு செயல் பழக்கமாக மாற எடுத்த காலத்தின் மீடியன் 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை மாறியது. நடுவில் ஒரு நாள் தவறினாலும் பெரிய பாதிப்பு இல்லை. ஆனா சேலஞ்ச் 14 நாளில் முடிஞ்சிடுது. பழக்கம் உருவாகும் முன்பே கண்ணாடியைப் பார்த்துட்டு, 'நம்ம உடம்புக்கு இதெல்லாம் செட் ஆகாது'ன்னு ஒருத்தர் முடிவு பண்ணிடறார். தவறு உடம்பில் இல்லை, தலைப்பில்.

மூணாவது, நம்ம பாஷையில சொன்னா வீடியோ ஒரு ஓப்பன் லூப் சிஸ்டம். ஃபீட்பேக் கிடையாது. ஸ்குவாட்டில் உங்க முதுகு வளையறது திரையில் இருப்பவருக்குத் தெரியாது. தசை வளர சுமை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடணும். யூடியூபோ அதுக்குப் பதிலா தினமும் புது வீடியோவைக் காட்டும். தினம் ஒன்று மாற்றினால் முன்னேற்றத்தை அளக்கவே முடியாது.

அப்போ என்ன பண்ணலாம்? ஃபீட்பேக்கை நாமே சேர்க்கலாம்.

ஒரே வீடியோவை ஒரு மாதம் வெச்சுக்கோங்க. தினமும் ஒரே நேரத்தில் செய்யுங்க. வாரம் ஒரு தடவை பக்கவாட்டிலிருந்து ஃபோனில் பதிவு செய்து முதுகும் முட்டியும் சரியா இருக்கான்னு பாருங்க. மூட்டு வலிச்சா நிறுத்திடுங்க. எத்தனை புஷ்அப் முடிஞ்சதுன்னு எழுதி வைங்க. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சியும், 2 நாள் தசைப் பயிற்சியும். வேகமான நடையும் இதில் சேரும்.

14-ஆவது நாள் வயிறு அப்படியே இருக்கலாம். ஆனா முதல் நாள் 5 புஷ்அப் போட்டவர் இப்போ 9 போடுறார்னா வேலை நடக்குதுன்னு அர்த்தம். 15-ஆவது நாளும் பாயை விரிங்க.