அந்நிய ஆட்டக்காரருக்கு வரம்பு

வட இங்கிலாந்தில் ரக்பி லீக் என்ற பந்தாட்டம் வெறும் பொழுதுபோக்கன்று. 1895-ம் வருஷம் ஆகஸ்ட் 29-ந் தேதி ஹட்டர்ஸ்பீல்டு நகரில் கிளப்புகளின் பிரதிநிதிகள் கூடித் தனிச் சங்கம் கண்டதற்குக் காரணம் யாது? ஆட்டத்திற்காக வேலையை விட்டுவரும் சுரங்கத் தொழிலாளிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் இழந்த கூலியை ஈடு செய்ய வேண்டுமென்றனர். கனவான்கள் கையிலிருந்த பழைய சங்கம் மறுத்தது. இவ்விதம் வயிற்றுப்பாட்டிலிருந்து பிறந்த ஆட்டத்தில், கடல் கடந்து வருவோரில் எத்தனை பேரை ஒரு கிளப் வைத்துக் கொள்ளலாம் என்பது அவ்வூர்ப் பிள்ளைகளின் பிழைப்பைப் பற்றிய கேள்வியேயாகும்.

அந்நியர் வருகையே தீங்கென்று நாம் கூறவில்லை. ஹட்டர்ஸ்பீல்டு கிளப்புக்காக 1913-14 பருவத்தில் 80 'டிரை' போட்ட ஆல்பர்ட் ரோஸன்பீல்டு ஆஸ்திரேலியர். அக்கணக்கை இன்றளவும் எவரும் மிஞ்சவில்லை. 1985-ல் வெம்பிளி மைதானத்தில் விகன் கிளப் ஹல் கிளப்பை 28-24 என்று வென்ற இறுதியாட்டத்தில், விகனுக்குப் பிரெட் கென்னியும் ஹல்லுக்குப் பீட்டர் ஸ்டெர்லிங்கும் ஆடினர், இருவரும் ஆஸ்திரேலியரே. அவ்வாட்டத்தைக் கண்டவர் எவரும் கதவை அடைக்கச் சொல்லத் துணியார்.

கதவை அடைத்தும் பார்த்தாயிற்று. ஆஸ்திரேலிய ஆட்டக்காரர் பிரிட்டிஷ் கிளப்புகளில் சேர இருந்த தடை 1983-ல்தான் நீங்கிற்று. அத்தடை அமலில் இருந்த 1982-லேயே ஆஸ்திரேலியக் குழு பிரிட்டனுக்கு வந்து, ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் திரும்பியது. வேலி பயிரைக் காக்கும், விதைக்குமா?

ஆயினும் வரம்பு வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம். தேர்ந்த ஆட்டக்காரனை விலை கொடுத்து வாங்குவது எளிது. பதினாறு வயதுப் பையனைப் பல வருஷம் பழக்குவது கடினம். வருகிற சனிக்கிழமையே வெற்றி வேண்டுமென்று கூச்சலிடும் ரசிகரும் நிர்வாகிகளுக்கு உடந்தை. வரம்பில்லையேல் அந்தப் பையன் வேலிக்கு வெளியே நின்று கைதட்ட வேண்டியதுதான்.

வரம்பை எதைக்கொண்டு அளப்பது என்பதே சிக்கல். ஜெர்மனியில் ஹாண்ட்பால் ஆடிய கோல்பாக் என்ற ஸ்லோவாகியரின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2003-ல் ஒரு தீர்ப்பளித்தது. ஐரோப்பாவுடன் ஒப்பந்தம் செய்துகொண்ட நாட்டின் பிரஜை முறைப்படி வேலையில் இருந்தால், அவருக்கு வேற்றுமை காட்டலாகாது என்பது அதன் சாரம். டோங்கா, ஸமோவா, பிஜி முதலிய தீவுகளுக்கும் அத்தகைய ஒப்பந்தம் இருந்தது. நியூஜிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் ஆடிப் பழகிய பலர், பூர்விக உரிமையால் தீவுப் பாஸ்போர்ட் பெற்று, வரம்புக்குள் அடங்காமலே இங்கிலாந்தில் ஆடினர். அவர்கள் மீது குற்றமில்லை. பாஸ்போர்ட்டை மட்டும் பார்த்த விதியே ஓட்டையானது. பிரிட்டன் ஐரோப்பிய யூனியனை விட்டு விலகி, இடைக்கால ஏற்பாடும் 2020 இறுதியில் முடிந்த பிறகே அவ்வழி அடைபட்டது.

ஆகவே ஒருவன் எங்கே பிறந்தான் என்பதைவிட எங்கே ஆட்டம் கற்றான் என்பதையே கணக்கில் கொள்ளவேண்டும். லீட்ஸிலோ விகனிலோ சிறுவயது முதல் பழகியவன், எந்தத் தேசத்துப் பெற்றோருக்குப் பிறந்தவனாயினும், அவ்வூர்ப் பிள்ளையே. வெளிநாட்டார் ஒருவரை அமர்த்தும் கிளப், அதே ஆண்டில் தன் பயிற்சிக் கூடத்திலிருந்து எத்தனை பையன்களை மைதானத்தில் இறக்கியது என்று பகிரங்கமாகக் கணக்குக் காட்டட்டும்.