ஹக்கலக் காடும் அதன் கீழுள்ள வயல்களும்

நுவரெலியாவிலிருந்து பதுளைக்குச் செல்லும் வீதியில், ஏறக்குறைய ஆறு மைல் தொலைவில், செங்குத்தான பாறைமலையொன்று உயர்ந்து நிற்கின்றது. ஹக்கல மலை என்பது இதுவே. சீதையம்மன் கோவிலைக் கடந்து வருவோர் இம்மலையடியிற் காண்பது, 1861ஆம் ஆண்டில் சிங்கோனாச் செய்கைக்கெனத் தொடங்கப்பட்ட தாவரவியற் பூங்காவாகும். மலர்களைப் பார்த்துத் திரும்புவோரிற் பலர், பூங்காவின் பின்னே முகடுவரை செறிந்திருக்கும் காட்டைக் கவனிப்பதில்லை. கமக்காரருக்கோ பூங்காவிலும் பார்க்கக் காடே முக்கியமானது.

ஏறக்குறைய 2,800 ஏக்கர் பரப்புடைய இச்சிறு காடு 1938ஆம் ஆண்டு முதல் இயற்கை ஒதுக்ககமாகக் காக்கப்பட்டு வருகின்றது. 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிக்கலாகாதென 1873ஆம் ஆண்டிலேயே தாவரவியலறிஞர் ஹூக்கர் அரசாங்கத்துக்கு அறிவுரை கூறியிருந்தார். அதன் காரணத்தை இக்காட்டிற் காணலாம். மரங்கள் குட்டையானவை, கிளைகள் முறுகிப் பாசி படர்ந்தவை. முகில் மலையைத் தழுவும்போது இலையும் பாசியும் அதன் ஈரத்தைப் பற்றி, மழையில்லாத நாளிலும் துளிதுளியாக நிலத்திற் சொட்டச் செய்கின்றன. உக்கிய இலைப்படை அந்நீரை உறிஞ்சி மெல்ல மெல்லக் கீழே விடுகின்றது. இவ்வாறு கசியும் நீர் ஓடைகளாகி, வெலிமடைப் பக்கமாக ஓடும் உமா ஓயாவை அடைந்து, பின்னர் ரந்தம்பேயில் மகாவலியோடு கலக்கின்றது.

வெலிமடைப் பகுதி வயல்களிற் பெரும்போகத்தில் நெல்லும், சிறுபோகத்தில் உருளைக்கிழங்கும் மரக்கறியும் பயிராகின்றன. சிறுபோக மாதங்களிலோ தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மறுபுறத்தில் மழையைப் பொழிந்துவிட்டு, ஊவாவுக்கு வறண்ட காற்றாகவே வந்து சேர்கின்றது. அப்பொழுது வயலுக்குக் கைகொடுப்பது மலையிலிருந்து ஊறிவரும் நீரே. கெப்பெட்டிபொலைச் சந்தைக்குச் செல்லும் மரக்கறி மூட்டைகளிலும் இந்நீருக்குப் பங்குண்டு.

காட்டைக் காப்பது அரசாங்கத்தின் பொறுப்பு. காட்டுக்கும் வயலுக்கும் இடையிலுள்ள சரிவு நிலமோ கமக்காரரின் கையில் உள்ளது. கேடு பெரும்பாலும் அங்கேதான் நிகழ்கின்றது. நீர் விரைவாக வடியட்டும் என்று பாத்திகளை மேலிருந்து கீழாக அமைப்பவர், பசளையிட்ட மேல்மண்ணையும் கூடவே அனுப்பிவிடுகின்றார். 2024ஆம் ஆண்டு முதல் உமா ஓயா நீரின் ஒரு பகுதி சுரங்க வழியாகக் கிரிந்தி ஓயாப் பக்கத்துக்கும் செல்வதால், மேலிருந்து வரும் வண்டலின் தொல்லை வெலிமடையோடு நின்றுவிடுவதில்லை.

பாத்திகளைச் சரிவுக்குக் குறுக்காக, சமவுயரக் கோட்டையொட்டி அமைத்தல் வேண்டும். கல் கிடைக்குமிடங்களிற் கல்வரம்பு கட்டுதல் நன்று. ஓடைக்கரையை விளிம்புவரை கொத்தாது, அங்குள்ள மரங்களையும் புல்லையும் நிற்கவிடுதல் அவசியம். குறுக்கு வடிகான்களிற் படிந்த மண்ணை, ஒக்டோபர் மழைக்கு முன்னரே அள்ளி மேற்பாத்திகளில் இட்டுவிடுக.