நூற்றுக்கு எத்தனை உள்நாடு? சுகோய்-57 பேச்சும் திருவள்ளூர் பட்டறைகளும்

2025 செப்டம்பர் 30, செவ்வாய்க்கிழமை. உள்நாட்டு ஐந்தாம் தலைமுறைப் போர் விமானமான ஆம்காவை உருவாக்கித்தர முன்வரும் இந்திய நிறுவனங்கள் விருப்பம் தெரிவிக்க அன்றுதான் கடைசி நாளாக இருந்தது. ஆகஸ்ட் நடுவில் முடிந்திருக்க வேண்டிய கெடு, தள்ளிவைக்கப்பட்டு அங்கே வந்து நின்றது. அதற்கு நான்கு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை, சண்டிகரில் கடைசி மிக்-21 விமானங்களுக்கு விமானப்படை விடைகொடுத்தது. 42 அணிகள் இருக்க வேண்டிய படையில் மிஞ்சியவை 29. இதற்கிடையே, தன் ஐந்தாம் தலைமுறைப் போர் விமானமான சுகோய்-57ஐ இந்தியாவிலேயே தயாரிக்கலாம் என்று 2025 பிப்ரவரியில் நடந்த பெங்களூரு விமானக் கண்காட்சியிலிருந்து ரஷ்யா சொல்லிவந்தது. மூன்று செய்திகளும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டுவிட்டன. திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகை, காக்களூர், ஆவடி பக்கமிருந்து எனக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கேட்டது இதைத்தான்: சுகோய்-57 டெண்டர் முடியப்போகிறதாமே, சிறு தொழிற்கூடங்கள் விண்ணப்பிக்கலாமா?

அந்தச் செவ்வாய்க்கிழமைக் கெடு ஆம்காவுக்கு மட்டுமே. நிறுவனங்களின் விருப்பத்தைக் கேட்டது பெங்களூருவில் உள்ள விமான மேம்பாட்டு முகமை. ஐந்து முன்மாதிரி விமானங்களை எட்டு ஆண்டுகளுக்குள் கட்டி, பறக்கவிட்டு, சான்று பெற்று, பிறகு தொடர் உற்பத்திக்கும் போகக்கூடிய பெரிய நிறுவனம் அல்லது கூட்டணிதான் முன்வர முடிந்தது. சிறு தொழிற்கூடம் அதில் நேரடியாக இடம்பெறாது. வென்ற கூட்டணிக்குப் பாகம் செய்துகொடுக்கும் இடத்தில்தான் வரும். சுகோய்-57க்கோ அப்போது டெண்டரும் இல்லை, கெடுவும் இல்லை, வாங்கப்போவதாக அரசின் அறிவிப்பும் இல்லை. இருந்தது விற்பவர் தரப்புப் பேச்சு.

இந்தப் பேச்சு புதிதும் அல்ல. 2007இல் இரு அரசுகளும் இதே விமானத்தை அடிப்படையாக வைத்துக் கூட்டாக ஒரு போர் விமானம் செய்ய ஒப்பந்தம் போட்டன. 2010 ஜனவரியில் சுகோய்-57இன் முன்மாதிரி முதன்முதலாகப் பறந்தது. அதே ஆண்டு டிசம்பரில், தொடக்க நிலை வடிவமைப்புக்காக மட்டும் 29.5 கோடி டாலருக்கு இந்தியா கையெழுத்திட்டது. எஞ்சினிலும் ரேடாரில் எளிதில் சிக்காத மறைவுத் திறனிலும் வேலைப் பங்கீட்டிலும் மனநிறைவு இல்லாமல் 2018இல் விலகியது. அன்று குறை சொல்லப்பட்ட எஞ்சினுக்கு மாற்றாக ரஷ்யா உருவாக்கும் புதிய எஞ்சின் 2017 டிசம்பரிலேயே முதல் பறப்பைக் கண்டது. ஆனாலும் ரஷ்யப் படைக்கு 2025 வரை வந்த விமானங்கள் பெரும்பாலும் அந்தப் பழைய எஞ்சினோடுதான் பறக்கின்றன. இந்த முறை "முழுத் தொழில்நுட்பமும் தருகிறோம்" என்கிறார்கள். அந்த உறுதிமொழியை எப்படி எடைபோடுவது என்பதற்குத் திருவள்ளூர் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது.

ஆவடி கண்டது

2001இல் 310 டி-90 டாங்குகள் வாங்க இந்தியா ஒப்பந்தம் செய்தது. 124 முழு டாங்குகளாக வந்தன. மீதி 186 பாகங்களாக வந்து ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் பூட்டப்பட வேண்டியவை. தொழில்நுட்பம் வாங்கி இங்கேயே ஆயிரம் டாங்குகள் செய்வதே அடுத்த கட்டத் திட்டம். ஆவடியில் தயாரான முதல் பத்து டாங்குகள் வெளியே வந்தது 2009 ஆகஸ்டில். ரஷ்ய மொழி ஆவணங்களை மொழிபெயர்ப்பதிலேயே காலம் போனது. அதைவிடப் பெரிய இடி, டாங்கின் உயிர்நாடியான இரண்டு இடங்களில் விழுந்தது. பீரங்கிக் குழலுக்கும் கவசத்துக்கும் உரிய தொழில்நுட்பம் வந்துசேரவில்லை. அவற்றுக்கு இங்கே மாற்று தேட வேண்டியிருந்தது.

ஆவடித் தொழிலாளர்களின் திறமையில் குறை இல்லை. வரைபடம் வந்தால் அதன்படி வெட்டவும் கடையவும் பூட்டவும் அவர்களுக்குத் தெரியும். உலோகத்தை எந்த வெப்பத்தில் எவ்வளவு நேரம் வைத்து எப்படிக் குளிர்விப்பது என்ற செய்முறை வரைபடத்தில் இருக்காது. விற்பவர் கடைசிவரை கையில் வைத்துக்கொள்வது அதைத்தான்.

2025 மார்ச் 7 அன்றும் ஆவடிக்கு ஒரு தொழில்நுட்ப மாற்ற அறிவிப்பு வந்தது. டி-72 டாங்குகளின் 780 குதிரைத்திறன் எஞ்சினை மாற்றி 1,000 குதிரைத்திறன் எஞ்சின் பொருத்த, ரஷ்யாவின் ரோசோபோரோன் எக்ஸ்போர்ட் நிறுவனத்துடன் 24.8 கோடி டாலர் ஒப்பந்தம். எஞ்சின்கள் முழுமையாகவும், பாதி பிரித்தும், முற்றிலும் பிரித்தும் வரும். உரிமம் பெற்ற உற்பத்தி பின்னால் தொடரும் என்கிறது அரசு. அந்தப் "பின்னால்" எப்போது என்பதைத்தான் இந்த மாவட்டம் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்.

அதே ஆவடியில் நேர்மாறான ஒரு சாட்சியும் உண்டு. பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் போர் வாகன ஆய்வகம் டாங்கு ஆய்வுக்காக ஏற்பட்டது. உள்நாட்டுப் போர் விமானமான தேஜஸின் எஞ்சினிலிருந்து ஆற்றலை எடுத்து ஹைட்ராலிக் பம்புகளுக்கும் மின்னாக்கிக்கும் பிரித்துத் தரும் கியர்பெட்டி அங்கேதான் உருவானது. எஞ்சினையும் அந்தப் பெட்டியையும் இணைக்கும் மெல்லிய தண்டையும் அங்கேயே வடிவமைத்தார்கள். சுழலும் எந்தத் தண்டுக்கும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தானாக அதிரும் இயல்பு உண்டு. எஞ்சின் வேகம் மாறிக்கொண்டே இருக்கையில் அந்த இடத்தில் சிக்காமல் அதைக் கடப்பதுதான் சவால். அதற்கு ஆவடியில் கண்ட வழிக்குக் காப்புரிமை உண்டு. 2023 மார்ச் 14 அன்று அந்தத் தண்டு பெங்களூருவில் தேஜஸோடு பறந்தது. அதை மாற்றவோ மேம்படுத்தவோ யாரிடமும் கடிதம் எழுதிக் கேட்க வேண்டியதில்லை.

62.6 சதவீதத்துக்குள் என்ன இருக்கிறது?

இந்தக் கட்டுரையில் நான் அதிகம் நிற்க விரும்பும் இடம் இதுதான். சுகோய்-57 இங்கே தயாரானால் "இத்தனை சதவீதம் உள்நாட்டு உள்ளடக்கம்" என்று ஓர் எண் நிச்சயம் வரும். 2024 டிசம்பரில் பொதுத்துறை விமான நிறுவனமான எச்.ஏ.எல்.லின் நாசிக் ஆலைக்கு 12 சுகோய்-30 விமானங்களுக்கான 13,500 கோடி ரூபாய் ஆர்டர் கிடைத்தபோது 62.6 சதவீதம் என்றார்கள். அதற்கு மூன்று மாதம் முன்பு, அதே விமானத்துக்கான 240 எஞ்சின்களுக்கு 26,000 கோடி ரூபாய்க்கு மேல் ஒப்பந்தமானபோது, சராசரி 54 சதவீதத்துக்கு மேல், கடைசியில் 63 வரை என்றார்கள். இந்த எண்களைப் பொய் என்று நான் சொல்லவில்லை. அவை எதை அளக்கின்றன என்பதுதான் கேள்வி.

2020 பாதுகாப்புக் கொள்முதல் நடைமுறையின்படி, வரிகள் நீங்கலான விலையிலிருந்து இறக்குமதிப் பொருள்கள், வெளிநாட்டவருக்குக் கொடுத்த சேவைக் கட்டணம், உரிமத்தொகை ஆகியவற்றைக் கழிக்கிறார்கள். எஞ்சுவதெல்லாம் உள்நாட்டு உள்ளடக்கம். அதாவது இங்கே செய்த பாகம் மட்டுமல்ல. கூலி, மின்கட்டணம், நிர்வாகச் செலவு, லாபம் எல்லாமே அந்தக் கூட்டில் சேரும்.

ஒரு பாகத்தின் விலை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் 40 ரூபாய் இறக்குமதி. உள்நாட்டுப் பங்கு 60 சதவீதம். அடுத்த ஆண்டு இறக்குமதியில் ஒரு துரும்பும் குறையவில்லை. ஆனால் வேலை இழுத்தடித்ததால் இங்குள்ள செலவு 60 ரூபாயிலிருந்து 80 ஆகிவிட்டது. மொத்தம் 120. இப்போது உள்நாட்டுப் பங்கு சுமார் 67 சதவீதம்! நாடு கற்றுக்கொண்டது எதுவும் இல்லை, செலவுதான் கூடியிருக்கிறது. எண்ணோ முன்னேற்றம் என்கிறது. மறுபக்கமும் பாருங்கள். காக்களூரில் ஒருவர் நல்ல வேலைத்திறனால் தன் பாகத்தின் விலையைக் குறைத்துக் கொடுத்தால், மொத்தச் சதவீதம் இறங்கும். திறமைக்குத் தண்டனை தரும் அளவுகோல் இது.

இந்த எண், எது இல்லாவிட்டால் விமானம் தரையிலேயே நிற்கும் என்பதையும் சொல்லாது. 2025 செப்டம்பர் 25 அன்று கையெழுத்தான 97 தேஜஸ் விமானங்களுக்கான 62,370 கோடி ரூபாய் ஒப்பந்தத்தில் உள்நாட்டு உள்ளடக்கம் 64 சதவீதத்துக்கு மேல். அதே வகையில் 2021இல் ஆர்டர் செய்த 83 விமானங்களில் முதலாவது 2024 மார்ச்சில் படைக்கு வந்திருக்க வேண்டும். 2025 செப்டம்பர் வரை ஒன்றுகூட வரவில்லை. முக்கியக் காரணம் அமெரிக்க எஞ்சின் தாமதம். விலைக்கணக்கில் சிறுபான்மையாக இருந்த பகுதி விமானத்தையே நிறுத்திவைத்தது.

ஆகவே சுகோய்-57 ஒப்பந்தம் என்று ஒன்று வந்தால், சதவீதத்துக்குப் பதில் ஒரு பட்டியலை நாடாளுமன்றம் கேட்க வேண்டும். எந்தெந்தப் பாகத்தின் செய்முறை வரும், எது வராது, எந்த ஆண்டில் வரும், வராவிட்டால் அபராதம் எவ்வளவு. டி-90இல் அப்படியொரு பட்டியல் கறாராக இருந்திருந்தால் பீரங்கிக் குழலுக்காக ஆவடி ஆண்டுக்கணக்கில் காத்திருந்திருக்காது.

உலைக்கும் விமானத்துக்கும் நடுவே

கும்மிடிப்பூண்டியின் பலம் இரும்பு. பழைய இரும்பை இண்டக்‌ஷன் உலையில் உருக்கி, பில்லெட் ஊற்றி, முறுக்குக் கம்பி இழுக்கும் ஆலைகள் அங்கே நிறைய. அவற்றின் உரிமையாளர் சிலர், விமானப் பாகங்களுக்கான டைட்டானியம் வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார்கள். சூடான டைட்டானியம் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உறிஞ்சி நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். ஆகவே அதை வெற்றிடத்திலோ மந்த வாயுவிலோதான் உருக்க வேண்டும். திறந்த உலை எவ்வளவு பெரிதானாலும் அதற்கு ஆகாது. உருக்காலைகளுக்கு இந்த வழி இப்போதைக்கு இல்லை என்று சொல்வதே நேர்மை.

கணினி இயக்கும் சி.என்.சி. எந்திரங்கள் வைத்திருக்கும் ஜாப் ஒர்க் கூடங்களின் நிலை வேறு. தாங்கிகள், உறைகள், குழாய் இணைப்புகள், தரையில் பயன்படும் கருவிகள் எல்லாம் அவர்களால் முடியும். ஆனால் அளவு சரியாக இருந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு துண்டும் எந்த ஹீட் நம்பரில், அதாவது எந்த உருக்குத் தொகுதியில், உருகிய உலோகம், யார் எந்த எந்திரத்தில் வெட்டினார், எந்தக் கருவியால் அளந்தார் என்ற தாள் பல்லாண்டுகளுக்குப் பிறகும் கையில் இருக்க வேண்டும். ஒரு விமானத்தில் விரிசல் கண்டால், அதே உலோகத்தில் செய்த மற்றத் துண்டுகள் எந்தெந்த விமானத்தில் இருக்கின்றன என்று அன்றே சொல்லியாக வேண்டும். பல கூடங்கள் தடுக்கி விழுவது எந்திரத்தில் அல்ல, இந்தத் தாளில்தான்.

வயிற்றுக்குள் ஏவுகணை

ஆயுதங்கள் பற்றிக் கேட்டவர்களுக்கு: மறைவு விமானம் ஏவுகணைகளை வயிற்று அறைக்குள் மூடிவைத்துப் பறக்கிறது. சுகோய்-57க்கு ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பெரிய அறைகளும், பக்கங்களில் இரண்டு சிறிய அறைகளும் உண்டு. அறையின் அளவு ஆயுதத்தை முடிவுசெய்துவிடுகிறது. அதற்காகவே ரஷ்யா கேஎச்-69 ஏவுகணையைச் சதுர உடலும் மடங்கும் இறக்கையுமாகச் செய்தது. தஞ்சாவூரில் 2020 ஜனவரியில் தொடங்கிய சுகோய்-30 அணி சுமக்கும் பிரமோஸ் ஏவுகணை இரண்டரை டன் எடை. அந்த அறைக்குள் போகாது. வெளியே மாட்டினால் மறைவு போய்விடும்.

நம் அஸ்திரா ஏவுகணை உள்ளே அடங்கக்கூடும். ஆனால் விமானத்தின் கணினி அதை அடையாளம் கண்டு, ரேடார் தகவல் கொடுத்து, ஏவ வேண்டும். சுகோய்-30இன் முக்கியக் கணினி இந்தியாவில் உருவானது. அஸ்திராவை அதில் சேர்க்க அது பெரிய வசதியாக இருந்தது. சுகோய்-57இன் மென்பொருளைத் திறந்து திருத்தும் உரிமை எழுத்தில் கிடைக்காவிட்டால், ஒவ்வொரு புதிய ஏவுகணைக்கும் மாஸ்கோவின் கதவைத் தட்ட வேண்டியிருக்கும்.

மற்ற கேள்விகள்

சுகோய்-57 ரேடாரில் தெரியவே தெரியாதா? தெரியும், அமெரிக்க எஃப்-22, எஃப்-35 அளவுக்கு மறைவு இல்லை என்பதே பரவலான மதிப்பீடு.

ரஷ்யாவின் ஒற்றை எஞ்சின் மறைவு விமானமான சுகோய்-75? 2021 ஜூலையில் மாதிரியைக் காட்டினார்கள், 2025 செப்டம்பர் வரை பறக்கவில்லை.

போரில் நிரூபணமானதா? உக்ரைன் போரில் பயன்படுகிறது, பெரும்பாலும் தொலைவிலிருந்து ஏவுகணை வீச. 2024 ஜூனில் தளத்தில் நின்ற ஒன்று ட்ரோன் தாக்குதலில் சேதமானது.

வாங்கினால் அமெரிக்கத் தடை வருமா? வரலாம். ரஷ்யாவிடம் ஆயுதம் வாங்குவோர்மீது தடைவிதிக்க இடம்தரும் அமெரிக்காவின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் அமலில்தான் இருக்கிறது.

ஆம்கா எப்போது படைக்கு வரும்? அரசு சொல்வது 2035 வாக்கில். தேஜஸ் எடுத்துக்கொண்ட காலத்தைப் பார்த்தால் இன்னும் தள்ளும் என்றே நினைக்கிறேன்.

எங்கள் கூடத்துக்கு இன்று ஏதாவது வழி? பாதுகாப்பு அமைச்சகத்தின் ஸ்ரிஜன் இணையதளத்தில், பொதுத்துறை நிறுவனங்கள் இறக்குமதி செய்துவரும் பாகங்களின் பட்டியல் இருக்கிறது; ஆவடி ஆலைகளின் தேவையிலிருந்து தொடங்குங்கள், அதற்குக் கெடு கிடையாது.