திரைக்குப் பின்னால் ஒரு ஸ்பீக்கர் ரகசியம்

கலிஃபோர்னியாவின் நார்த்ரிட்ஜ். ஹார்மன் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம். ஜேபிஎல் ஸ்பீக்கர் செய்கிறவர்கள்தான். அறையில் ஒரு கறுப்புத் திரை; சத்தம் தாராளமாக நுழையும், பார்வை நுழையாது. இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு மார்க் போடுகிறார்கள். போடட்டும். நமக்கு அங்கே என்ன வேலை? வாங்க, பின்பக்கம் நழுவிவிடலாம்.

அடேயப்பா! ஸ்பீக்கர்கள் மேடையோடு நகர்கின்றன! கணினி உத்தரவு போட, காற்றழுத்தத்தில் ஒன்று பின்வாங்க, இன்னொன்று சரியாக அதே இடத்தில் வந்து நிற்கிறது. எல்லாம் மூன்றே விநாடியில். அதென்ன 'அதே இடம்'? ஒரே ஸ்பீக்கரை மூலைக்குத் தள்ளினாலே பேஸ் பெருத்துவிடும். அப்புறம் மார்க் வாங்குவது ஸ்பீக்கரா, சுவரா?

சரி, மூடி மறைக்க இத்தனை பாடா? காரணம் 1994-ல் இருக்கிறது. அந்த ஆண்டு ஹார்மன் ஆய்வாளர்கள் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் வெளியிட்ட சோதனையில், ஹார்மன் ஊழியர்கள் 40 பேர் நான்கு ஸ்பீக்கர்களைப் பார்க்காமலும் பார்த்தும் கேட்டார்கள். நான்கில் ஒன்று போட்டிக் கம்பெனியுடையது. பெரியது, விலை கூடியது, பத்திரிகைகள் புகழ்ந்தது. இன்னொன்று குட்டி பிளாஸ்டிக் செட், மலிவானது, சொந்தக் கம்பெனிச் சரக்கு. திரை இருந்தபோது அந்தப் பெரியதைக் குட்டிதான் ஒரு நூலிழை முந்தியது! திரையை எடுத்தார்களோ இல்லையோ, குட்டி சரிந்தது, பெரியது ஏறியது. சம்பளம் கொடுக்கும் கம்பெனி மேல் உள்ள பாசம்கூடக் கைகொடுக்கவில்லை. எனக்கு இதில் பிடித்ததே அதுதான்!

மறைப்பதில் வயலின்காரர்கள் இன்னும் ஒரு படி மேல். 2010, இண்டியானாபொலிஸ், மங்கலான ஓட்டல் அறை. பழைய வயலினா, புதியதா, எது பிடிக்கிறது என்று ஒரு சோதனை. வயலின் கலைஞர்கள் 21 பேருக்கும் வெல்டிங் கண்ணாடி! போதாதென்று, பழைய மரத்தின் மணம் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதே என்று வயலினில் மோவாயைத் தாங்கும் கட்டைக்கு அடியில் ஒரு சொட்டு செண்ட்! கைக்கு வந்தவை ஆறு வயலின்கள்: மூன்று புதியவை; பழம்பெருமை வாய்ந்தவற்றில் இரண்டு ஸ்ட்ராடிவேரியஸ், ஒரு குவார்னேரி. கடைசி இடம் எதற்கு என்கிறீர்கள்? ஒரு ஸ்ட்ராடிவேரியஸுக்கு! ஓட்டல் அறையில் என்ன தெரியும் என்று சிலர் முணுமுணுத்தார்கள். 2012-ல் பாரீஸ் பக்கத்து வின்சென்னில், அரங்கமும் சேர்த்து, பெரிய தனிக் கலைஞர்கள் பத்துப் பேரோடு மறுபடி நடந்தது. ஆறு பேர் கை புதிய வயலின்மேல்தான் போனது.

கிளம்பும்முன் மரிம்பா என்ற மரக்கட்டைத் தாளக் கருவியையும் எட்டிப் பார்த்துவிடலாம். கையை நீளமாக வீசி அடித்தால் நாதம் நீளுமா என்று தாளக் கருவிக்காரர்களிடையே நெடுநாள் வழக்கு. 2007-ல் மைக்கேல் ஷுட்ஸ், ஸ்காட் லிப்ஸ்கோம்ப் இருவரும் அதை வீடியோ போட்டே விசாரித்தார்கள். ஒலியை மட்டும் கேட்டவர்களுக்கு நீள வீச்சும் குட்டை வீச்சும் ஒன்றுதான். வீச்சைப் பார்த்தவர்களுக்கோ, 'காட்சியை விடுங்கள், ஒலியை மட்டும் அளந்து சொல்லுங்கள்' என்று சொல்லியும், நாதம் நீண்டே கேட்டது. ஆக, இரு கட்சிக்கும் வெற்றி! மேடையில் தாராளமாக வீசலாம். ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் மட்டும் கைவலிதான் மிச்சம்.